ஏப்ரல் 26 ஓடியது, மே 1 ஓடவில்லை

மலைமேல் இல்லம், இடுக்கி
22 ஜூன் 2025

அன்புள்ள ரெஜிலாவுக்கு ஜிஜின் எழுதுவது.

கர்த்தர் காக்கிறார், நான் சுகம். உன் தோள் எப்படி இருக்கிறது? அம்மா சுகமா?

இங்கே வந்த அன்றே செல்போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். ஆறு மாதமும் கடிதம்தான். பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பரீட்சை எழுதியதற்குப் பிறகு நான் இவ்வளவு எழுத்து எழுதுவது இப்போதுதான். பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

குடியை நிறுத்த வந்தவர்கள் முதல் கடிதங்களில் மன்னிப்பு கேட்கக் கூடாது என்பது இங்கே சட்டம். எங்களுக்கு ஆலோசனை சொல்லும் அம்மிணி டீச்சர் போட்ட சட்டம். "மன்னிப்பு கேக்குறதுல நீங்க எல்லாரும் பெரிய படிப்பு படிச்சவங்க. வேற ஏதாவது எழுதுங்க" என்றார். மே ஒன்றாம் தேதியைப் பற்றி எழுதக் கூடாது என்றால் எனக்கு மிச்சம் இருப்பது என் ரிமோட் கார் ஒன்றுதான். அதைப் பற்றி எழுதுகிறேன்.

அது பேட்டரியில் ஓடும் பொம்மை இல்லை என்று உனக்குத் தெரியும். நிஜ எஞ்சின். மாதத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டாவிட்டால் உள்ளே துரு பிடிக்கும். நீ ஒரு தடவை கிளப்பிப் பார்ப்பாயா? ஹாலில் மேல் ஸ்லாப்பில் கார் இருக்கிறது. கிறிஸ்துமஸ் ஸ்டார் பெட்டிக்குப் பின்னால் வெள்ளைக் குப்பியில் எண்ணெய் இருக்கிறது. தொட்டியை நிரப்பி, எஞ்சின் தலையில் சூடாக்கும் குச்சியை மாட்டி, பக்கத்தில் தொங்கும் கயிற்றை வெடுக்கென்று இழு. முழுக் கயிறும் வேண்டாம், ஒரு சாண் போதும். வலது கையால் மட்டும் இழு.

இன்னொன்று. நவம்பர் கடைசியில் ஆறு மாதம் முடிகிறது. வீட்டார் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்கள். அம்மா போட்டாலும் போதுமாம். எனக்கு உன் கையெழுத்து வேண்டும்.

ஜிஜின்


கொல்லயில், நெய்யாற்றின்கரை
13 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடவுள் கிருபையால் நானும் மாமியும் சுகம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று எழுதவில்லையே. எழுதுங்கள்.

அம்மிணி டீச்சருக்கு என் வணக்கம் சொல்லுங்கள். உங்களை அவர் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார். ஆனால் அந்தச் சட்டம் எனக்கு இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். மே ஒன்றாம் தேதி சாயங்காலம் குடித்துவிட்டு சர்ச்சுக்கு வந்தீர்கள். எல்லாரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் நானும் வாய் திறக்காமல் ஸ்கூட்டரில் ஏறினேன். உதியன்குளங்கரை வளைவில் விழுந்தோம். உங்களுக்கு முட்டி சிராய்த்தது. என் தோள் எலும்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் வலிக்கிறது. இங்கே தினமும் மழை.

கையெழுத்து கேட்டிருக்கிறீர்கள். நெய்யாற்றின்கரையில் ஆதாரம் எழுத்து ஆபீசில் எட்டு வருடமாக நிலப் பத்திரம் எழுதும் வேலை செய்கிறேன். வருகிற எல்லாரிடமும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்கிறவள் நான். எனக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. போடுவேன் என்றும் சொல்லமாட்டேன், மாட்டேன் என்றும் சொல்லமாட்டேன்.

காரை இறக்கினேன். நீங்கள் எழுதினபடியே செய்து இருபது தடவை இழுத்தேன். ஒரு முக்கல் முனகல் இல்லை. ஏன்?

ரெஜிலா


மலைமேல் இல்லம்
24 ஜூலை 2025

அன்புள்ள ரெஜிலா,

உன் கடிதம் வந்தது. சாப்பாடு உண்டு, தூக்கம் கொஞ்சம் உண்டு. கை நடுக்கம் நின்றுவிட்டது.

நீ எழுதின முதல் பாதியை வாசித்துவிட்டு இரண்டு நாள் மடித்து வைத்திருந்தேன். பதில் எழுத எனக்கு அனுமதி இல்லை.

காருக்கு வருகிறேன். கிளம்பாத எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது சூடு. சூடாக்கும் குச்சியை சார்ஜில் போட்டாயா? இரண்டு மாதம் சும்மா கிடந்தால் அதில் உயிர் இருக்காது. ராத்திரி முழுக்கப் போடு. பிறகு எஞ்சின் தலையில் இருக்கும் பிளக்கைச் சாவியால் கழற்றி, குச்சியில் மாட்டிப் பார். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் நல்ல ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டும். மங்கலாக இருந்தால் பிளக் போச்சு. என் பெட்டியில் புதியது இரண்டு உண்டு.

அது சரியென்றால் எண்ணெய் எஞ்சினுக்குள் போகிறதா என்று பார். புகைக் குழாயின் வாயைப் பெருவிரலால் மூடிக்கொண்டு இரண்டு இழுப்பு இழு. தொட்டியிலிருந்து வரும் குழாயில் எண்ணெய் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததும் விரலை எடுத்துவிடு. அதிகம் ஏறினால் எஞ்சின் மூழ்கிவிடும். அப்புறம் கயிறே இழுபடாது. பலம் பிடித்து இழுத்து அறுத்துவிடாதே.

எனக்கே ஒன்று புரியவில்லை. ஏப்ரல் 26 சனிக்கிழமை மாடியில் வைத்து ஓட்டினேன், முதல் இழுப்பிலேயே ஓடியது. மே 1 ரேஸ் மைதானத்தில் கிளம்பவே இல்லை. நடுவில் நாலு நாள். அதைத் தொட்ட ஆள் நான் ஒருவன்தான். படுத்தால் இதுதான் ஓடுகிறது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ஜிஜின்


கொல்லயில்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். நடுக்கம் நின்றது என்று எழுதியதை மாமியிடம் வாசித்துக் காட்டினேன். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அழுதார்கள்.

பிளக்கைக் கழற்றினேன். ஆரஞ்சு நிறத்தில் நன்றாகவே எரிகிறது. விரலால் மூடி இழுத்தேன், எண்ணெயும் ஏறியது. எவ்வளவு ஏறினால் அதிகம் என்று நீங்கள் எழுதவில்லையே? நீங்கள் பயமுறுத்தியபடியே எஞ்சின் மூழ்கிவிட்டது. கயிறு கல்லில் கட்டியதுபோல் நின்றது. கொஞ்சம் யோசித்து, பிளக்கைக் கழற்றிக் காரைக் கவிழ்த்துப் பிடித்து இழுத்தேன். உள்ளே இருந்ததெல்லாம் பீய்ச்சி என் நைட்டியில் அடித்தது. நானாகக் கண்டுபிடித்த வித்தை, சரிதானா? பிறகு கயிறு லேசானது. ஆனாலும் எஞ்சின் கிளம்பவில்லை.

மாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "மக்கா, அத எடுத்து ஆருக்காவது குடுத்துரு. பொம்மக் காறு ஓட்டுத வயசா அவனுக்கு? இப்ப நீயும் தொடங்கியாச்சு" என்றார்கள். சர்ச் பெண்கள் சங்கத்தில் இதைவிட மோசமாகப் பேசுகிறார்கள். பிள்ளையில்லாத வீட்டில் புருஷனும் பெண்சாதியும் மாறி மாறி விளையாடுகிறார்களாம். பேசட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கும் வேறு என்ன வேலை?

சத்தியமாகச் சொல்கிறேன், அது கிளம்பினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஏன் என்று கேட்காதீர்கள்.

அடுத்து என்ன பார்க்க வேண்டும்?

ரெஜிலா


மலைமேல் இல்லம்
23 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ரெஜிலா,

சுகம். உன் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில்காரனுக்கும் வாசித்துக் காட்டினேன், கோபிக்காதே. நீ காரைக் கவிழ்த்து இழுத்தது சரியான வித்தை. நான் அதைக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது.

பிளக் சரி, குச்சி சரி, எண்ணெய் ஏறுகிறது. காற்று வடிகட்டியின் பஞ்சைக் கழற்றி ஊதிப் பார். அதுவும் சரியென்றால் மிச்சம் இருப்பது எண்ணெய் ஒன்றுதான். நாலு கூட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கேன் வாங்கிப் பங்கு வைத்தோம், என் பங்கு அந்த வெள்ளைக் குப்பி. அது அடிப்படையில் ஸ்பிரிட். மூடி திறந்து கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போகும். குப்பி எப்படி இருக்கிறது? மூடி இறுக்கமாக இருந்ததா? இரண்டு கடிதத்திலும் குப்பியைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள் என்று விட்டுவிட்டேன். இந்த ஈஸ்டர் அன்று காலையிலிருந்து நான் குடிக்கவில்லை. ரேஸில் கை நடுங்கக் கூடாது என்பதற்காக மட்டும் நிறுத்தினேன், உனக்காக என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஐந்தாறு நாளில் எனக்கே பிடித்துவிட்டது. பதினொரு நாள், ரெஜிலா. ரேஸில் ஜெயித்துவிட்டு உன்னிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

மே ஒன்று காலையில் மைதானத்தில் நூறு பேர் பார்க்க அரை மணி நேரம் இழுத்தேன், கிளம்பவில்லை. ஒர்க்‌ஷாப் பிரதீஷ் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஆசானுக்குக் கை வெறைக்குது, ஆராவது கொஞ்சம் ஊத்திக் குடுங்கலே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் கை நடுங்கவே இல்லை. மத்தியானம் மைதானத்திலிருந்து நேராகக் குடிக்கப் போனேன்.

நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். கார் ஏன் கிளம்பவில்லை என்று மட்டும் தெரிந்தால் போதும்.

ஜிஜின்


மலைமேல் இல்லம்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள ரெஜிலா,

நான் சுகம். உனக்கு என்ன?

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. ஓணத்துக்காவது நாலு வரி வரும் என்று பார்த்தேன். இங்கே அடைப்பிரதமன் பாயசம் வைத்தார்கள். நான் இரண்டு தம்ளர் குடித்தேன். தோளில் ஏதாவது கோளாறா? அந்தப் பதினொரு நாளைப் பற்றி எழுதியது பொய் என்று கோபமா? பொய் இல்லை.

காரை விட்டுத்தள்ளு. சுகமாக இருக்கிறேன் என்று ஒரு கார்டு போடு.

ஜிஜின்


கொல்லயில்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். தோளில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆபீசில் வேலை அதிகம், அதனால் எழுதவில்லை.

நீங்கள் எழுதியதை நம்புகிறேன்.

காரை உதியன்குளங்கரைக்கு, பிரதீஷ் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். திட்டாதீர்கள், எனக்கு வேறு யாரைத் தெரியும்? அவன் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே பேரிங்கில் துரு இருந்தது. மாற்றித் தருகிறேன் என்றான். எண்ணெயும் சரியில்லையாம். நாளாகி ஈரம் பிடித்திருக்கும்போல.

குளிருக்கு ஸ்வெட்டர் அனுப்பவா?

ரெஜிலா


மலைமேல் இல்லம்
9 அக்டோபர் 2025

அன்புள்ள ரெஜிலா,

ஸ்வெட்டர் வேண்டாம். இங்கே போர்வை உண்டு.

ஊரில் வேறு மெக்கானிக்கே இல்லையா? என்னைப் பார்த்துச் சிரித்தவன் கையில்தான் கொண்டு கொடுக்க வேண்டுமா? சரி, போகட்டும் என்று இருந்தேன். ஆனால் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்ததில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது.

மூடி இறுக்கிய குப்பியில் நாலு நாளில் அவ்வளவு ஈரம் ஏறாது. ஏறவே ஏறாது. உள்ளே துருப் பிடிக்கிற அளவுக்கு என்றால் யாரோ தண்ணீரை ஊற்றியிருக்க வேண்டும். அன்று மைதானத்தில் என் பை கால் மணி நேரம் பிரதீஷின் வண்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. போன வருடம் இறுதிச் சுற்றில் அவனைத் தோற்கடித்தவன் நான். அவன்தான் ஊற்றினான். ஊற்றிவிட்டு அவனே சிரிக்கவும் செய்தான். இப்போது துருவை மாற்றித் தருகிறானாம், நல்ல பிள்ளை!

ஒரு குப்பித் தண்ணீரால் என் பதினொரு நாளும் போச்சு, உன் தோளும் போச்சு. ரேஸ் நடத்திய கிளப்பின் செயலாளருக்கு எழுதப் போகிறேன். வெளியே வந்ததும் முதல் வேலை அவன் ஒர்க்‌ஷாப்பில் ஏறிக் கேட்பதுதான். அம்மிணி டீச்சர் பத்து நாள் பொறு என்கிறார். பொறுக்கிறேன், அதற்குமேல் முடியாது.

ஜிஜின்


கொல்லயில்
14 அக்டோபர் 2025

அத்தானுக்கு,

செயலாளருக்கு எழுதாதீர்கள். பிரதீஷ் ஊற்றவில்லை. நான்தான் ஊற்றினேன்.

முழுவதும் எழுதிவிடுகிறேன், நடுவில் நிறுத்தாமல் வாசியுங்கள். ஆறு வருடமாக நீங்கள் ஒளித்து வைக்கும் குப்பிகளைத் தேடிக் கண்டுபிடித்து, கொஞ்சம் கீழே கொட்டிவிட்டு அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பேன். முழுக்கக் கொட்டினால் சண்டை வரும். இது தெரியாது, உடம்புக்கும் அவ்வளவு கெடுதல் இல்லை என்று நினைத்தேன். அரிசி டப்பாவிலும் ஷூவுக்குள்ளும் பைபிள் பெட்டியிலும் தேடியிருக்கிறேன்.

ஈஸ்டருக்குப் பிறகு உங்களிடம் வாசம் வரவில்லை. வேறு பெண்ணாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்குச் சந்தேகம்தான் கூடியது. சிரிக்கிறீர்கள், பாட்டு முணுமுணுக்கிறீர்கள், இவர் எங்கேயோ பெரிதாக ஒளித்து வைத்திருக்கிறார் என்று வீட்டைக் கவிழ்த்துத் தேடினேன். ஏப்ரல் 28 திங்கட்கிழமை ஸ்டார் பெட்டிக்குப் பின்னால் அந்த வெள்ளைக் குப்பி கிடைத்தது. திறந்தால் ஸ்பிரிட் வாசம். பாதியை வாஷ்பேசினில் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்தேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

ஸ்டார் பெட்டிக்குப் பின்னால் எண்ணெய் என்று நீங்கள் ஜூனில் எழுதியபோது எனக்கு மனசு இடறியது. அந்தக் குப்பிதானா, வேறு குப்பியா என்று குழம்பினேன். எங்கும் தேடினேன், வேறு இல்லை. இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் என்ன, ஓடாதா என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். அது ஓடிவிட்டால் நான் தப்பித்தேன் என்று நினைப்பு.

பிறகு பதினொரு நாள் என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தேன். கழிவறையில் போய் உட்கார்ந்து அழுதேன். எத்தனை கடிதம் எழுதிக் கிழித்தேன் தெரியுமா?

பிரதீஷ் அன்று என் முன்னால் ஒரு மூடியில் நம் குப்பி எண்ணெயை ஊற்றித் தீக்குச்சி வைத்தான். பற்றவில்லை. இன்னொரு மூடியில் அவனுடைய எண்ணெய், குப்பென்று பற்றியது. "எக்கா, இது ஈரம் புடிச்சது இல்ல கேட்டியளா. ஆரோ வெள்ளம் கோரி ஊத்தியிருக்கினும். பாருங்க, பாலு மாதிரி கலங்கிக் கெடக்குது" என்றான். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நேற்று புது பேரிங் போட்டு அவனுடைய எண்ணெயை ஊற்றினான். என்னையே இழுக்கச் சொன்னான். மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. ஒர்க்‌ஷாப்பில் நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு உடனே வந்துவிட்டேன்.

உங்கள் கை நடுங்கவில்லை. இது என் கையால் ஆனது.

ரெஜிலா


கொல்லயில்
9 நவம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இல்லத்திலிருந்து கையெழுத்துப் படிவம் மட்டும் வந்தது. மூன்று பக்கம். மூன்றையும் வாசித்தேன். "இவருடைய நலத்துக்குப் பொறுப்பேற்கிறேன்" என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அந்த வரிக்குமேல் என்னால் போக முடியவில்லை. பொறுப்பேற்க நான் யார்? படிவம் மேசையில் கிடக்கிறது. மாமி நான் போடுகிறேன் என்று பேனாவோடு நிற்கிறார்கள். கொடுக்கட்டுமா?

ரெஜிலா


மலைமேல் இல்லம்
14 நவம்பர் 2025

அன்புள்ள ரெஜிலா,

சுகமா என்று கேட்டிருக்கிறாய். சுகம் இல்லை. ஆனால் குடிக்கவும் தோன்றவில்லை.

உன் கடிதம் வந்த அன்று முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது. சத்தியமாக. என் கை நடுங்கவில்லை, என் கை நடுங்கவில்லை என்று கட்டில் கட்டிலாகப் போய்ச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் வெறி பிடித்துவிட்டது. உன்னை ஏசி ஐந்து கடிதம் எழுதினேன். ஐந்தையும் அம்மிணி டீச்சர் அனுப்பத் தயாராகத்தான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் "இவ்வளவுதானா, வேற ஒண்ணும் சொல்ல இல்லையா?" என்று மட்டும் கேட்டார். ஐந்து தடவையும் நானே வாங்கிக் கிழித்தேன். ஏனென்றால் சொல்ல இருந்தது.

நீ குப்பியில் தண்ணீர் சேர்ப்பது எனக்குத் தெரியும். முதல் வருடமே தெரியும். நாக்கில் வைத்தால் தெரியாதா? ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் குப்பி அங்கே இருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒன்று வாங்குகிற இடத்தில் இரண்டு வாங்கினேன். நீ பாதி ஊற்றினால் நான் இரட்டிப்பாகக் குடித்தேன். ஆறு வருடம் இரண்டு பேரும் வாய் திறக்காமல் இதைச் செய்திருக்கிறோம்.

இனிதான் எழுதக் கூசுவது. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் இதே மாதிரி வெள்ளைக் குப்பியைக் கழுவி, அதில் பிராந்தி ஊற்றி, அதே ஸ்டார் பெட்டிக்குப் பின்னால்தான் வைத்திருந்தேன். கார் எண்ணெய் என்றால் நீ தொடமாட்டாய் என்று கணக்குப் போட்டேன். அது உனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் நீ மோந்து பார்த்துச் சந்தேகப்பட்டது பைத்தியக்காரத்தனம் இல்லை. நாலு மாதம் முந்தி வந்திருந்தால் உன் சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி.

எஞ்சின் கிளம்பாதது உன் தண்ணீரால். மைதானத்திலிருந்து குடிக்கப் போனது என் காலால். பிரதீஷிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அவனிடம் நான் மன்னிப்பு கேட்க வேண்டும், இப்போது எனக்கு அனுமதி உண்டு. உன்னிடமும் கேட்கிறேன். தோளுக்காக.

கையெழுத்து விஷயம். தண்ணீர் ஊற்றியதற்குப் பரிகாரமாக நீ போட வேண்டாம். அப்படிப் போட்டால் நான் அந்த வீட்டில் கடன்காரி ஒருத்தியோடு இருக்க வேண்டிவரும். அது எனக்கு வேண்டாம். அப்படியென்றால் அம்மாவிடம் பேனாவைக் கொடு, நான் அம்மாவோடு தனி வீடு பார்த்துப் போய்விடுகிறேன். வேறு காரணம் உனக்கு உண்டென்றால் மட்டும் போடு.

ஜிஜின்


கொல்லயில்
22 நவம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். மழை விட்டுவிட்டது, தோள் வலிக்கவில்லை.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கும் முதலில் வந்தது கோபம்தான். கழுவிய குப்பியாம்! அந்த எண்ணெய் ஒரு மடக்கு வயிற்றுக்குள் போனாலே கண் போய்விடும் என்று பிரதீஷ் சொன்னான். அதில் பிராந்தி ஊற்றிக் குடித்திருக்கிறீர்கள். சமையலறையில் நின்று சத்தம் போட்டு ஏசினேன். மாமி, "ஆர ஏசுத மக்கா?" என்று ஓடி வந்தார்கள். "உங்க மகனத்தான்" என்றேன். "நல்லா ஏசு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஏசி முடித்தபிறகு மனசு லேசானது. வேறு காரணம் உண்டா என்று மூன்று நாள் யோசித்தேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. ஜூலையிலிருந்து தபால்காரர் வருகிற நேரத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணமாகி எட்டு வருடத்தில் நீங்கள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. இது ஒரு காரணமா? எனக்குத் தெரியவில்லை. இதற்குமேல் என்னிடம் இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டு நேற்றே அனுப்பிவிட்டேன்.

நேற்று திருவனந்தபுரம் போய் ஒரு கேன் எண்ணெய் வாங்கி வந்தேன். பங்கு இல்லை, முழுக் கேன். வீட்டில் வைத்துத் திறந்து மோந்து பார்த்தேன். அன்று மோந்த அதே வாசம்தான். எத்தனை தடவை மோந்தாலும் இது எண்ணெயா, நீங்கள் ஒளித்து வைத்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆறு வருடமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே இதை எழுதித் தருகிறேன். வாசித்துவிட்டு வாருங்கள். இனி இந்த வீட்டில் எந்தக் குப்பியையும் நான் தேடமாட்டேன். கிடைத்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றமாட்டேன். நீங்கள் கொண்டுவந்து வைப்பது பிராந்தி என்றால் அது பிராந்தியாகவே இருக்கும். கொட்டுவதென்றால் நீங்கள்தான் கொட்ட வேண்டும்.

வருகிற சனிக்கிழமை உங்களை விடும்போது நெய்யாற்றின்கரை ஸ்டேஷனில் நிற்பேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நிற்பேன்.

ரெஜிலா